எஞ்சின் சத்தம் மாறும்போது

வானொலி மறையுரை
வாசகங்கள்: 1 அரசர்கள் 19:1-8, மாற்கு 4:35-41



ஆடி மாதம் நடக்கிறது. காவிரித் தண்ணீர் வந்து சேர்ந்த ஊர்களில் குறுவைப் பயிர் பச்சை பிடித்து நிற்கிறது. சரியாக வந்து சேராத கடைமடை ஊர்களில் வரப்போரத்தில் ஆயில் எஞ்சின் ஓடுகிறது. எஞ்சினை ஓடவிட்ட விவசாயி அதன் பக்கத்திலேயே நிற்பதில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார், சில நேரம் கண்ணயர்ந்தும் இருப்பார். திடீரென்று எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வயலைப் பார்த்து நடப்பார். கேட்டால், "தண்ணி விட்டுப்போச்சு" என்பார். பார்க்காமலே எப்படித் தெரிந்தது? சத்தம் மாறிவிட்டது. உறிஞ்சு குழாயில் எங்கோ காற்று புகுந்திருக்கிறது. பம்பு தண்ணீரைப் பிடிக்கவில்லை. பாரம் குறைந்ததும் எஞ்சின் ஏறிப் பாடத் தொடங்கியது. சத்தம் கூடியது, வேலை நின்றுபோனது.

நம் தஞ்சை மறைமாவட்டத்தில் வயலும் உண்டு, கடலும் உண்டு. வயலோரத்துக் காதுக்கு இருக்கிற அதே கூர்மை கடலோரத்துக் காதுக்கும் உண்டு. மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம், கோடியக்கரை, வேளாங்கண்ணி என்று நம் கரை நெடுகப் பைபர் படகுகள் இருக்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து இவை பெருகின. சில படகுகளில் நீண்ட தண்டு வைத்த டீசல் எஞ்சின், சிலவற்றில் அமரத்தில் மாட்டித் தொங்கவிடும் அவுட்போர்டு எஞ்சின். இன்று அந்த அவுட்போர்டு எஞ்சினைப் பற்றித்தான் கொஞ்சம் பேசப்போகிறோம். மறையுரையில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று நினைக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் தம் சீடர்களில் பலரை வலையும் படகுமாக இருந்த இடத்தில்தான் கண்டெடுத்தார்.

இந்த எஞ்சினுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போய், துடுப்புப் போட்டுத் திரும்பி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்தக் கோபத்தில் பிறந்த யோசனை என்று ஒரு கதை சொல்வார்கள். நம் தென்கரைக்கு இது வந்ததில் திருச்சபைக்கும் ஒரு பங்கு உண்டு. குமரி மாவட்டத்தில் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் முயற்சியில் முட்டத்தில் படகுகள் கட்டப்பட்டன. ஒட்டுப்பலகைப் படகுகளில் அவுட்போர்டு எஞ்சின்கள் ஏறின. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980-இல் தொடங்கியது. எஞ்சினை வாங்கித் தருவதோடு அது நிற்காமல் பழுது பார்க்கும் கூடங்களையும் நடத்தியது. கருவியைக் கொடுப்பவர் அதைப் பேணவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அருளடையாளங்களை வழங்குகிற நாமும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதைக் கரையில் இருப்பவர்கள் முழுதாக உணர்வதில்லை. சாலையில் வண்டி நின்றால் ஓரமாகத் தள்ளி நிறுத்தலாம். கடலில் ஓரம் கிடையாது. காற்றும் நீரோட்டமும் படகை எங்கே கொண்டுபோகும் என்பது நம் கையில் இல்லை. பாக் நீரிணையில் 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஒரு கோடு போடப்பட்டிருக்கிறது. அந்தக் கோடு தண்ணீரில் தெரியாது. பழுதான எஞ்சினோடு அதைத் தாண்டிப்போன படகுக்கு, வேண்டுமென்று வரவில்லை என்று நிரூபிப்பது எளிதல்ல. ஆகவே எஞ்சின் சத்தம் மாறுவதை நம் மீனவர்கள் வெறும் இரைச்சலாகக் கேட்பதில்லை. அணியத்தில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரும் தலை நிமிர்ந்து பார்ப்பார்.

நாம் கைப்பிடியைத் திருப்பவில்லை. ஆனாலும் எஞ்சினின் சுற்று மாறுகிறது. மெக்கானிக்குகள் இதில் முதலில் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: எஞ்சினோடு சேர்ந்து படகும் மாறியதா? எஞ்சினின் வேகம் வேறு, படகின் வேகம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிப் பழுது பிடிபட்டுவிட்டது.

எஞ்சின் திடீரென்று ரேஸ் ஆகி அலறுகிறது, படகோ தளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினுக்குள் கோளாறு இல்லை. விசிறி தண்ணீரைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எஞ்சினை அளவுக்கு மேல் உயரத்தில் மாட்டியிருக்கலாம்; வெளிப்பக்கமாக அதிகம் சாய்த்திருக்கலாம்; வேகத்தோடு சட்டென்று திருப்பியிருக்கலாம். மேலிருந்து காற்றை இழுத்துக்கொண்ட விசிறி நுரையில் சுற்றுகிறது. இந்த நேரத்தில் கை தானாகச் செய்ய விரும்புவது இன்னும் முறுக்குவதைத்தான். முறுக்கினால் நுரை கூடும். வேகத்தைக் குறைக்க வேண்டும். விசிறி மறுபடி தண்ணீரைக் கவ்வும். கவ்விய பிறகு மெல்ல ஏற்ற வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. பல எஞ்சின்களில் விசிறியின் நடுவே, தண்டுக்கும் இலைகளுக்கும் இடையில், ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. விசிறி பாறையிலோ மணல்திட்டிலோ மோதினால் பல்சக்கரம் உடையாமல் அந்த ரப்பர் அடியை வாங்கிக்கொள்ளும். பல அடிகளை வாங்கிய பிறகு அது நழுவத் தொடங்கும். மெதுவாகப் போகும்போது பிடிக்கும், வேகம் கூட்டினால் வழுக்கும். சந்தேகம் வந்தால் நடுக்குடத்திலிருந்து தண்டின் முனைவரை பெயிண்டால் ஒரே கோடு இழுத்து வைப்பார்கள். ஒரு நடை போய்வந்து பார்க்கும்போது கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் ரப்பர் நழுவியிருக்கிறது. அப்படி நழுவுகிற விசிறியோடும் கரை சேரலாம், அவசரப்படாமல் வந்தால்.

லூக்கா நற்செய்தியில் மார்த்தாவின் வீட்டில் கேட்பது இந்த அலறல்தான். பாத்திரம் உருள்கிறது, அடுப்பு எரிகிறது, தங்கையின் மேல் கோபம், விருந்தாளியின் மேலேயே குறை. ஆண்டவர் மார்த்தாவின் சமையலைக் குறை சொல்லவில்லை. அவள் பெயரை இருமுறை சொல்லி அழைத்தார். அது வேகத்தைக் குறைக்கச் சொல்லும் குரல். நம் பங்குகளிலும் இதைப் பார்க்கிறோம். திருவிழாவுக்கு எட்டுக் குழுக்கள், பத்து ஒலிபெருக்கிகள், மூன்று வண்ணத்தில் சுவரொட்டி. கொடி இறங்கிய மறுநாள், பக்கத்துத் தெருவில் கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்கு யாராவது போனார்களா என்று கேட்டால் பதில் இல்லை. சத்தம் இருந்தது, படகு நகரவில்லை. (ஒலிபெருக்கிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

இந்த மாதம் 31-ஆம் நாள் புனித லொயோலா இஞ்ஞாசியாரின் திருவிழா. அவர் சத்தம் கேட்கத் தெரிந்த மனிதர். 1521 மே மாதம் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. பல மாதம் படுக்கை. வீரர்களின் சாகசங்களை நினைத்துக்கொண்டிருக்கும்போது இனிப்பாக இருந்தது. நினைப்பு கலைந்ததும் மனம் வறண்டுபோனது. புனிதர்களின் வரலாற்றைப் படித்து அவர்களைப்போல் வாழ நினைத்தபோதும் இனிப்பாக இருந்தது. புத்தகத்தை மூடிய பிறகும் அந்த மகிழ்ச்சி தங்கியது. இரண்டும் தொடக்கத்தில் ஒரே மாதிரிதான் ஒலித்தன. எது நிலைத்தது, எது வற்றியது என்பதில் வித்தியாசம் தெரிந்தது. ஆவிகளைத் தேர்ந்து தெளிதல் என்று திருச்சபை சொல்லும் பெரிய கலை அவருக்கு அந்தக் கட்டிலில்தான் தொடங்கியது.

இப்போது வேறு வகை மாற்றம். எஞ்சின் நன்றாக ஓடுகிறது, பத்து நிமிடம் கழித்துத் தளர்கிறது, விட்டுவிட்டு இழுக்கிறது, பிறகு கொஞ்சம் தேறுகிறது, மறுபடி விழுகிறது. படகும் கூடவே ஏறி இறங்குகிறது. இங்கே விசிறியில் குறை இல்லை. எரிபொருள் சரியாக வந்து சேரவில்லை. டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் நடுவே கையால் அமுக்கும் ஒரு பல்ப் இருக்கும். எஞ்சின் தளரும்போது அதை அமுக்கிப் பாருங்கள். அமுக்கியதும் எஞ்சின் தேறினால், எரிபொருள் போதாமல் தவித்திருக்கிறது. எஞ்சினில் உள்ள எரிபொருள் பம்பையும் குழாயையும் பார்க்க வேண்டும். பல்ப் சப்பிப்போய்க் கிடந்தால் அடைப்பு டாங்குப் பக்கம் இருக்கிறது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் அது டாங்கின் அடியில் தங்கும். அலையில் படகு குலுங்கும்போதெல்லாம் எஞ்சின் மிஸ் அடிக்கும். கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தால் தண்ணீர் கீழே தனியாகத் தெரியும். மண்ணெண்ணெய் எஞ்சினாக இருந்தால் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதுபோல, நிறுத்துவதற்கு முன்பும் சிறிது நேரம் பெட்ரோலில் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை கிளம்பும்போது தொல்லை.

இதில் மிகச் சிறிய காரணம் ஒன்று உண்டு. டாங்கின் மூடியில் ஒரு காற்றுத் திருகு. டாங்கைத் தூக்கிப்போகும்போது சிந்தாமல் இருக்க அதை மூடுவார்கள், ஓட்டும்போது திறக்க வேண்டும். எண்ணெய் வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டாங்கு தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். டாங்கு நிறைய எண்ணெய் இருக்கும், எஞ்சின் பட்டினி கிடக்கும்.

இந்தத் திருகைப் பற்றிச் சொல்லும்போது ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் சம்மதத்தோடு சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். நாற்பது வயது தாண்டிய மீனவர், பதினைந்து வயதிலிருந்து கடல்தான். ஒரு ஐப்பசி மாதம் தம்பி மகனோடு வலைக்குப் போனார். நள்ளிரவில் எண்ணெய் தீர்ந்து அடுத்த டாங்கை மாட்டினார்கள். கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் தளர்ந்து நின்றது. இருட்டு, தூறல், வாடைக்காற்று. கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பிறகு அந்த அலையிலேயே கார்புரேட்டரைத் திறந்தார். உள்ளே இருந்த சிறு ஜெட் விரலில் வழுக்கிக் கடலில் விழுந்தது. அதன் பிறகு எஞ்சின் கிளம்ப வழியே இல்லை. இரண்டு இரவுகள் மிதந்தார்கள். பையனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் காலையில் வேறு ஊர்ப் படகு ஒன்று கண்டு கட்டி இழுத்துவந்தது. கரையில் மெக்கானிக் பார்த்தார். மற்ற எதிலும் குறையில்லை. இரண்டாவது டாங்கின் மூடியில் திருகு மூடியபடியே இருந்தது.

உயிரோடு வந்தார்களே என்று நன்றித் திருப்பலி வைத்தார்கள். பிறகு வாரக்கணக்கில் அவர் கடலுக்குப் போகவில்லை. கோவிலுக்கும் வரவில்லை. எஞ்சின் வாங்கிய கடன் நின்றது, மனைவியின் நகை அடகில் இருந்தது. ஊர் பேசத் தொடங்கியது. சோம்பேறி ஆகிவிட்டான் என்றார்கள். குடி என்றார்கள். கடலில் ஏதோ பிடித்துக்கொண்டது என்றும் ஒரு பேச்சு. பக்தியுள்ளவர்கள் சொன்னது வேறு: "செபம் குறைஞ்சு போச்சு, அதான்." நேயர்களே, இந்த நான்கில் கடைசியாகச் சொன்னதுதான் அதிகமாகப் புண்படுத்தும். அதைக் கடவுளின் பெயரால் சொல்கிறார்கள்.

இங்கே இஞ்ஞாசியாரிடம் திரும்புவோம். ஆன்மீகப் பயிற்சிகள் என்னும் அவருடைய சிறு நூல் 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்றது. உள்ளம் வறண்டு, செபம் கசந்து, நம்பிக்கை தளர்ந்து கிடக்கும் நிலைக்கு அதில் சில விதிகள் சொல்கிறார். அவற்றில் ஒன்று: வறட்சியின் நேரத்தில் முன்பு எடுத்த நல்ல முடிவுகளை மாற்றாதே. அதாவது, இருட்டில், அலையில், கை நடுங்கும்போது கார்புரேட்டரைத் திறக்காதே. திருமணத்தை முறித்துக்கொள்ளலாமா, குருத்துவப் பயிற்சியை விட்டுவிடலாமா, படகை விற்றுவிட்டு எங்காவது போய்விடலாமா என்ற கேள்விகள் எல்லாம் மனம் தெளிந்த பிறகு கேட்க வேண்டியவை. அந்த நேரத்தில் எளிதாகக் கைக்கு எட்டுவதை முதலில் பார்க்க வேண்டும். மூடி, திருகு, குழாய், பல்ப். ஒரு நேரத்தில் ஒன்றுதான். நான்கை ஒரே சமயத்தில் மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்பது தெரியாது.

இன்னொரு விதியில் வறட்சி ஏன் வருகிறது என்று விளக்குகிறார். மூன்று காரணங்கள் சொல்கிறார். நம் அசட்டை ஒன்று. ஆறுதல் என்னும் கூலி கிடைக்காதபோதும் நாம் எவ்வளவு தூரம் நிலைத்து நிற்போம் என்று சோதித்து அறிவதற்காக வருவது இன்னொன்று. எல்லாம் கொடை, நம் சம்பாத்தியம் அல்ல என்று நாம் உணர்வதற்காக வருவது மூன்றாவது. மூன்றில் ஒன்றுதான் நம் குற்றம். ஊர் வாய்க்கு அந்த ஒன்று மட்டும்தான் தெரிகிறது. ஒருவர் தளர்ந்தால் உடனே குற்றத்தைத் தேடுகிறோம். மெக்கானிக் அப்படிச் செய்தால் அவரிடம் யாரும் எஞ்சினைக் கொண்டுபோக மாட்டார்கள்.

மூன்றாவது வகை மாற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று வேகம் பாதிக்கும் கீழே விழுந்தது. கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் ஏறவில்லை. நிற்கவும் இல்லை, அதே மெதுவான வேகத்தில் சீராக ஓடுகிறது. கூடவே ஒரு பீப் சத்தம் வரலாம். புதிய எஞ்சின்கள் பலவற்றில் இது கோளாறு அல்ல, பாதுகாப்பு. சூடு ஏறிவிட்டது அல்லது ஆயில் குறைந்துவிட்டது என்று எஞ்சினே கண்டுகொண்டு தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. பின்பக்கம் சிறு துளை வழியாகத் தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கம் கடல் ஆழம் குறைவு, சேறு அதிகம். தண்ணீர் உறிஞ்சும் வாயில் சேறோ பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கும். எஞ்சினை நிறுத்தி, தூக்கி, அடைப்பை எடுத்து, துளையை மெல்லிய நைலான் நரம்பால் குத்திவிட்டு, ஆறவிட வேண்டும். அப்படியும் பீச்சாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். பழைய எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் இந்த எச்சரிக்கை ஏற்பாடு கிடையாது. அவை சூடாகி நேராக சீஸ் ஆகிவிடும். சிலர் பீப் சத்தம் தொல்லை என்று அதன் ஒயரையே பிடுங்கிவிடுவதும் உண்டு. அப்படிப்பட்டவர் வீட்டில் மனைவி பிள்ளைகள் வாய் திறந்து பேச முடியுமா என்று சந்தேகம்தான்.

வேகம் குறைவது அருளாகவும் இருக்க முடியும். இன்றைய முதல் வாசகத்தில் எலியா அப்படித்தான் விழுகிறார். கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் நானூற்று ஐம்பது பேருக்கு எதிரே தனி ஆளாக நின்றவர். மழையையும் கண்டவர். அடுத்து ஈசபேல் என்ற ஒரு பெண்ணின் மிரட்டலுக்கு ஓடுகிறார். பாலை நிலத்தில் சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து, போதும், சாகவிடும் என்று வேண்டுகிறார். இறைவாக்கினர் இப்படிப் பேசலாமா என்று நம் ஊரில் கேட்டிருப்பார்கள். கடவுள் கேட்கவில்லை. ஒரு கண்டிப்பு இல்லை, ஒரு அறிவுரை இல்லை. தூதர் வந்து தட்டி எழுப்புகிறார். சுட்ட அப்பம் இருக்கிறது, குவளையில் தண்ணீர் இருக்கிறது. உண்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். அதற்கும் கோபமில்லை. தூதர் இரண்டாம் முறை வந்து, பயணம் நீண்டது என்பதால் உண்ணச் சொல்கிறார். உணவு, தண்ணீர், தூக்கம், மறுபடி உணவு. கைக்கு எட்டுவதை முதலில் பார்த்தார் கடவுள். எலியாவின் ஆழமான காயத்தைப் பற்றிய பேச்சு நாற்பது நாள் கழித்து ஓரேபு மலையில்தான் நடக்கிறது.

நம் மீனவர் வீட்டுக்கு ஒரு நாள் அந்தப் பழைய மெக்கானிக் போனார். வயதானவர், அதிகம் பேசாதவர். எங்களில் யாரும் அனுப்பவில்லை. கடலைப் பற்றிக் கேட்கவில்லை, கோவிலைப் பற்றியும் கேட்கவில்லை. சாப்பிடுறியா, தூங்குறியா என்றார். தூக்கம் இல்லை என்று பதில் வந்தது. எத்தனை நாளாக? அன்றிலிருந்து. தெருவில் போகும் மோட்டார் சைக்கிள் சத்தம் கொஞ்சம் தளர்ந்தாலும் நெஞ்சு அடைக்கிறது, கை நடுங்குகிறது என்றார். பிறகு நெடுநேரம் கழித்து, "ஒரு திருகுண்ணே. ஒரு திருகுக்காக அந்தப் பையனக் கொல்லப் பாத்தேன்" என்று சொல்லி அழுதார். மாதக்கணக்கில் அவர் வாயை அடைத்திருந்தது அந்த வெட்கம்தான். எல்லாருக்கும் உதவி செய்கிறவர், யாரிடமும் எதையும் சொல்லிக்கொள்ளாதவர். வெளியே கொடுத்துக்கொண்டே இருந்தார், உள்ளே காற்று வர வழியில்லை.

மெக்கானிக் பெரியவர் அவரை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனார். மருந்து கொடுத்தார்கள், தூக்கம் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வந்தார். அருளும் மருந்தும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. ஒரே கடவுளின் இரண்டு கைகள் அவை. இப்போது கடலுக்குப் போகிறார், ஆனால் கரை தெரியும் தூரம் வரைதான். எஞ்சினைத் தம்பி மகன் ஓட்டுகிறான். கடன் இன்னும் முழுதாக அடையவில்லை. அவருக்குப் பயம் முற்றிலும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

இன்றைய நற்செய்தியில் புயல் அடிக்கும்போது ஆண்டவர் படகின் பிற்பகுதியில் தலையணை மேல் தூங்கிக்கொண்டிருந்தார் என்று மாற்கு குறித்துவைக்கிறார். அமரத்தில். இன்று நம் படகில் எஞ்சின் தொங்குகிற இடத்துக்குப் பக்கத்தில். 1986-இல் கலிலேயக் கடல் வற்றியபோது ஆண்டவரின் காலத்தைச் சேர்ந்த ஒரு மீன்பிடி படகைச் சேற்றிலிருந்து எடுத்தார்கள். சுமார் இருபத்தேழு அடி நீளம், நம் பைபர் படகளவுதான். பல வகை மரத்துண்டுகளால் திரும்பத் திரும்ப ஒட்டுப்போட்டுப் பழுது பார்த்த படகு. வசதியற்ற யாரோ ஒரு மீனவர் அதை விடாமல் பேணியிருக்கிறார். அப்படிப்பட்ட ஒட்டுப்போட்ட படகு ஒன்றில்தான் உலகின் மீட்பர் நம்பித் தூங்கினார். சீடர்கள் பயந்து அவரை எழுப்பியபோது முதலில் காற்றை அடக்கினார். அவர்களுடைய நம்பிக்கையைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. நாம் பல சமயம் வரிசையை மாற்றிவிடுகிறோம்.

உங்கள் வீட்டில் யாராவது, கணவரோ பிள்ளையோ தாயோ, கொஞ்ச நாளாகச் சத்தம் மாறி ஓடுகிறார்களா? காரணமில்லாமல் அலறுகிறார்களா, ஏறி இறங்குகிறார்களா, எவ்வளவு தூண்டினாலும் மெதுவாகவே இருக்கிறார்களா? இன்று இரவு சாப்பாட்டின்போது அந்த மெக்கானிக் கேட்ட இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதிலுக்குப் பொறுத்திருங்கள். மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554. இந்த இரண்டு எண்களையும் கோவில் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க எல்லாப் பங்குகளையும் கேட்டுக்கொள்கிறோம்.

ஆடிக்காற்று இன்னும் ஓயவில்லை. இன்று இரவும் படகுகள் போகும். போகும் முன் டாங்கு மூடியின் திருகைத் தொட்டுப் பாருங்கள், துடுப்பும் குடிநீரும் ஏற்றிக்கொள்ளுங்கள். கடலில் இருப்பவர்களையும், விளக்கைக் குறைத்து வைத்துக் காத்திருக்கும் அவர்கள் வீட்டாரையும், தூக்கம் வராமல் படுத்திருப்பவர்களையும் ஆரோக்கிய அன்னையின் பரிந்துரையில் ஒப்படைத்து, ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தைச் சேர்ந்து சொல்வோம்.